எழுதப்படாத மார்கழி

மேல்நாட்டார் குளிர்கால விடுமுறை என்று சொல்லும் காலம் வன்னி நாட்டில் மாரியின் கடைக்கூறாகும். இங்கே உறைபனி இல்லை. வாடைக்காற்றும், விட்டு விட்டுப் பெய்யும் மழையும், நிறைந்து தளும்பும் குளங்களுமே உண்டு. பாடசாலைகள் மூடப்படுகின்றன, ஊர் ஓய்வதில்லை. காலபோக வயல்கள் குடலைப் பருவம் கண்டு கதிர் தள்ளும் வேளை அது. பகலெல்லாம் வாய்க்காலும் வரம்பும் பார்த்த கமக்காரன், இரவில் பரணேறி யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கிறான். புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்ட பிள்ளையும் அவனோடு காவற்கொட்டிலுக்குப் புறப்படுகிறது. விடுமுறை என்னும் சொல் வன்னியில் வேலை மாறுவதையே குறிக்கும் போலும்!

கொண்டாட்டங்களும் இம்மழையின் நடுவேதான் வந்து சேர்கின்றன. கார்த்திகைப் பௌர்ணமி கழிந்ததும் பிள்ளையார் கோயில்களில் 21 நாள் பெருங்கதை விரதம் தொடங்கும். சுன்னாகம் வரதபண்டிதர் பாடிய பிள்ளையார் கதையை ஒருவர் படிக்க, ஏனையோர் கேட்டிருப்பர். அது நிறைவுற்றதும் திருவெம்பாவை. வைகறை இருளில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, இளைஞர் வீதிவலம் வந்து ஊரை எழுப்புவர். அதே நாட்களில் முல்லைத்தீவுக் கரையோரத்து வீடுகளில் பாலன் குடில்கள் எழும். நள்ளிரவுத் திருப்பலிக்கு மக்கள் குடை பிடித்துச் செல்வர். நத்தார் என்று நாம் வழங்கும் சொல்கூடப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதே. அவர் ஆட்சி போய் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், சொல் நம்மோடு தங்கிவிட்டது.

இவ்வளவு வளமுள்ள ஒரு பருவத்தைப் பற்றி நம் மாணாக்கர் எழுதுவது யாது? ஆண்டுதோறும் இக்காலத்தில் என் மேசைக்கு வந்து குவியும் கட்டுரைகளை நான் பொறுமையுடன் படிப்பதுண்டு. மார்கழியின் மகிமை குறித்து அவை கூறுவன அனைத்தும் எந்த ஊருக்கும் பொருந்துவன. நத்தாரைப் பற்றி எழுதுவோர் தம் ஊர்த் தேவாலயத்தின் கூரையிலும் வெண்பனியைப் பொழிய விட்டுவிடுகின்றனர்! எழுதியவர் எவ்வூரார் என்பதை முகவரியைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. தமிழ் பிழையின்றி இருக்கிறது, ஊர்தான் இல்லை.

இக்குறை மாணாக்கருடையது மட்டும் அன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். அன்றிரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியதைத் தமிழுலகம் முழுவதும் அறியும். பயணிகளோடு புகைவண்டி அள்ளுண்டு போனதை அறியும். இராமேசுவரத்திற் சிக்கிய ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பிய கதையைக்கூட இன்றளவும் சுவையோடு சொல்லுவோர் உளர். ஆனால் அந்தச் சூறாவளி தனுஷ்கோடிக்கு எவ்வழியாகச் சென்றது? கிழக்குக் கடலில் வளர்ந்து, இலங்கையின் வடபாகத்தை ஊடறுத்து, வவுனியாப் பகுதியைக் கடந்த பின்னரே அது பாக்குநீரிணையை அடைந்தது. நத்தாருக்கு மூன்று நாள் முந்தி, திருவெம்பாவைக் காலத்தை ஒட்டி, வன்னிக் காட்டின் மீது அக்காற்று ஏறிச் சென்றிருக்கிறது. எந்தக் குளக்கட்டு உடைந்தது, எந்த ஊரார் எந்தப் பாடசாலையில் ஒதுங்கினர், எத்தனை மாடுகள் பட்டியோடு மாண்டன, அவ்வாண்டு தைப்பொங்கலுக்கு நெல் எங்கிருந்து வந்தது? இவற்றைச் சொல்லும் நூலொன்றை எடுத்துக் காட்டுமாறு ஒரு மாணவர் கேட்டால், ஆசிரியர் எதைக் காட்டுவார்? அன்று பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். அவரே நமக்குள்ள நூல். அந்நூல் மறுபதிப்புக் காணாது.

பின்வந்த மார்கழிகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலை வேளையில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அம்மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இரவு கொட்டிய பெருமழையிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் நீரில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வினாவும் எழுந்தது. அவ்வினாவைப் பொறியியலாளர் ஆராய்வது முறையே. ஆயினும் குளக்கட்டின் கீழே தலைமுறையாக வாழ்ந்தவர்கள் முன்னாளில் எந்த அடையாளம் கண்டு மேட்டுக்கு ஏறினர் என்பதும் அறியத்தக்கதன்றோ? அது எழுதப்பட்டிருந்தால் யாருக்காவது உதவியிருக்கும்.

நிற்க, வன்னிக்கு எழுத்து என்பது இரட்டிப்புத் தேவையாகிவிட்ட காரணம் ஒன்றுண்டு. 2008ஆம் ஆண்டின் மார்கழி மழையில், உழவு இயந்திரப் பெட்டிகளிற் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு, தருமபுரம், விசுவமடு என்று குடும்பங்கள் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் வசமான போது நகரில் மக்கள் இல்லை. மே மாதம் போர் முடிந்தபோது, கையிலிருந்த பையோடு முகாம்களை அடைந்தவர்களே மிகப் பலர். அவ்வழி நெடுகிலும் உயிர்கள் போயின; அவற்றுக்கு ஈடு சொல்ல எந்த மொழிக்கும் ஆற்றல் இல்லை. உயிரோடு ஒப்பிடத் தகாதவையாயினும், காகிதங்களும் போயின. பாடசாலைச் சம்பவத்திரட்டுகள், வரவு இடாப்புகள், கோயிற் கணக்குகள், காணி உறுதிகள், கலியாணப் படங்கள், அண்ணாவிமார் கைப்பட எழுதிவைத்த கூத்துக் கொப்பிகள் யாவும் மழையில் நனைந்தும் தீயில் எரிந்தும் அழிந்தன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாம் மறவோம்; மறத்தலும் ஆகாது. வன்னியின் நூலகமோ ஒரு கட்டடத்தில் இருந்ததன்று. அது வீட்டுப் பெட்டகங்களிலும் அதிபரின் அலுமாரியிலும் சிதறிக் கிடந்தது. ஆதலால் அதன் அழிவைக் காட்ட ஒரு படமும் இல்லை.

‘வன்னி வரலாறு’ என்றவுடன் நம்மவர் பண்டாரவன்னியனை நினைப்பர். 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய வீரனைப் போற்றுவது நன்றே. கற்சிலைமடுவில் அவன் தோல்வியைக் குறித்து நடுகல்லும் நாட்டப்பட்டது. வையாபாடல் போன்ற பழைய ஏடுகளும் வன்னியர் வரவைப் பேசுகின்றன. ஆனால் அவற்றிலே குளம் வெட்டியவனும் காட்டுக் காய்ச்சலில் மடிந்தவனும் இல்லை. ஊர் ஊராக வன்னியின் குளங்களையும் குடிகளையும் வழக்கங்களையும் திரட்டிய பெருநூல், ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய நிருவாகியால் 1895இல் வெளியிடப்பட்டது. வரிக்கும் நிருவாகத்துக்கும் வேண்டியதை ஆட்சியாளர் கண்ணால் பார்த்து எழுதினார் என்று அதைக் குறை கூறலாம். கூறுமுன், அதற்கு நிகரான நூலை நாம் நம் மொழியிற் செய்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கதையாசிரியர் சிலர் நம் மானத்தைக் காத்திருக்கின்றனர். தண்ணிமுறிப்பைக் களமாக்கி அ. பாலமனோகரன் படைத்த ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது. காட்டோரக் கிராமமொன்று எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதை அறிய விரும்புவோரை நான் இன்றும் அந்நாவலுக்கே அனுப்புவேன்.

இரணைமடுவின் கட்டுவேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கியது. முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. கிளிநொச்சியின் வயலும் நகரும் அக்குளத்தின் பிள்ளைகளே. மண் சுமந்தவர் யாவர்? எவ்வூரிலிருந்து வந்தனர்? காய்ச்சல் கண்டபோது எங்கே கிடந்தனர்? பின்னாளிற் குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும், 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்தோரும் முதல் மார்கழியை எக்கொட்டிலிற் கழித்தனர்? மடு, மோட்டை, முறிப்பு, கேணி, குளம் என்று நீரையே சுற்றிச் சுற்றி வரும் ஊர்ப்பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கின்றோம். தண்ணிமுறிப்பு என்பதற்குள் ஒரு பழைய கட்டு உடைந்த செய்தி மறைந்திருக்கிறதா என்று எவரேனும் தம் பாட்டனாரைக் கேட்டதுண்டா? இவை பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. மழைநாளில் திண்ணையிலிருந்து கேட்கத்தக்கவை.

ஆசிரியப் பெருமக்கள் தயங்குவதன் நியாயத்தையும் நான் அறிவேன். வெளியூரிலிருந்து வந்து கற்பிப்போர் விடுமுறைக்குத் தம் வீடு செல்லவே விரும்புவர். 1990இல் நின்ற புகைவண்டி 2013இற் கிளிநொச்சியை மீண்டும் எட்டிய பின் அப்பயணம் எளிதாகியும் விட்டது. மாணாக்கருக்கோ பரீட்சை என்னும் பூதம். ஆதலின் பெரிய ஆராய்ச்சி எதையும் நான் கேட்கவில்லை. ஒரு மாணவர், ஒரு முதியவர், நான்கு பக்கம். தாம் கேட்டதைக் கேட்டவாறே, அம்முதியவரின் பேச்சு வழக்கிலேயே எழுதட்டும். ‘அழகு’ படுத்த வேண்டாம். வயதும் ஊரும் ஆண்டும் குறிக்கட்டும். ஆண்டு நினைவில்லையேல் புயலுக்கு முன்னா பின்னா, எந்தக் குளம் வான்பாய்ந்த வருடம் என்று கேட்டால் பிடிபடும். ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்நாளைப் பற்றித் துருவிக் கேட்கலாகாது. அவர் தாமாகச் சொன்னால் கேட்டிருக்கலாம். எழுதுவதற்கு அவர் ஒப்புதல் வேண்டும். சொல்லாவிடில், அவர் வீட்டு முற்றத்தில் முன்னாளில் பொங்கல் எவ்வாறு நடந்தது என்று கேட்டாலே போதும்.

எழுதியதைப் பிரதி செய்து ஒன்றைப் பாடசாலையிலும் ஒன்றைக் கிராமத்து வாசிகசாலையிலும் வைத்துவிட்டு, மூன்றாவதை எமக்கு அனுப்புக. தை மாத இறுதிவரை இப்பக்கத்தின் ஒரு பத்தி வன்னிக் குறிப்புகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்து விளங்கும்படி இருத்தல் நலம்.