சாக்குக்கு விலையா, காய்க்கு விலையா?

குமுளி மலைப்பக்கத்திலிருந்து வந்து இங்கே பயிலும் தோழர்களுக்கு ஏலக்காய்ச் சந்தை புதிதன்று. காய் பருத்துப் பச்சை மாறாதிருந்தால் ஒரு விலை. வெளிறி வெடித்திருந்தால் வேறு விலை. சாக்கின் அழகைப் பார்த்து எவரும் ஏலம் கேட்பதில்லை. கையிலே கட்டும் கடிகாரம் வாங்கும்போது மட்டும் நாம் சாக்குக்கு விலை கொடுக்கிறோமே, ஏன்?

2015-ஆம் ஆண்டிலே ஆப்பிள் நிறுவனம் தன் முதல் ஸ்மார்ட் வாட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடிவிலை 349 டாலர். அதனையே 18 காரட் தங்கக் கூட்டில் அடைத்து 10,000 டாலர் முதல் என்றார்கள். உள்ளே இருந்த பொறி இரண்டிலும் ஒன்றே! சுவிஸ் கடிகாரங்களுக்குப் பக்கத்திலே சரியாசனம் கேட்ட முயற்சி அது. மறு ஆண்டே தங்கம் மறைந்தது. 2018-இல் வந்த புதிய மென்பொருளோ, தங்கமாயினும் அலுமினியமாயினும், அந்த முதல் கடிகாரத்தில் ஏறவேயில்லை.

சுவிஸ்காரர் கேட்கும் விலை மட்டும் நியாயமோ என்பீர்கள். அதிலும் பகட்டு உண்டு; மறுப்பதற்கில்லை. 1969-இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டபோது அதன் விலை 4,50,000 யென். ஒரு சிறு மோட்டார் காரின் விலை! பின்னர் குவார்ட்ஸ் மலிந்தது. துல்லியமான நேரம் ஏழைக்கும் எட்டியது. துல்லியத்திலே தோற்ற சுவிஸ் சாவிக் கடிகாரம், வேலைப்பாட்டையும் நெடிய ஆயுளையும் காட்டி மேல்தட்டுக்கு ஏறிக்கொண்டது. தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கி, ஓசூரிலே ஆலை கண்ட டைட்டனும், குவார்ட்ஸை அணிகலனாக்கியே விற்றது. ஆயினும் பழுதானால் பார்த்துத் தரலாம் என்னும் உறுதி அந்த விலைகளுக்குப் பின்னால் இருந்தது.

என் தந்தையாரிடம் ஓர் எச்.எம்.டி. கடிகாரம் இருக்கிறது. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் அளித்துவிட்டது, கடிகாரம் நிற்கவில்லை. கம்பத்திலே ஒரு முதியவர் அதைத் திறந்து, துடைத்து, எண்ணெயிட்டுத் தருகிறார்.

ஸ்மார்ட் வாட்ச் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நாடித்துடிப்பை எண்ணும், நடையை எண்ணும், நல்ல கருவிதான். கருவிக்குக் கருவியின் விலை போதும். இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. நாலைந்து ஆண்டில் மாளப்போகும் பொருளுக்குப் பரம்பரைச் சொத்தின் விலையைக் கேட்பதுதான் எனக்கு ஒவ்வவில்லை.

என் அறைத்தோழர் ஒருவர் பெரும் விலைக்கு ஒன்றைத் தவணையிலே வாங்கினார். சென்ற மாதம் அதன் பாட்டரி உப்பிவிட்டது. “பழுது பார்ப்பதில்லை, புதிது எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் கடைக்காரர். தவணையில் இன்னும் மூன்று மாதம் பாக்கியிருக்கிறது.