பிராசஸரிடம் பெயரைக் கேட்காதீர்கள், திறனைக் கேளுங்கள்!

ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போது 'உங்கள் பிராசஸர் இதற்குப் பொருந்தாது' என்று செய்தி வந்தால் என்ன நினைக்கிறோம்? கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று. சில நேரம் குறை கம்ப்யூட்டரில் இல்லை; அதைச் சோதிக்கும் நாலு வரி புரோகிராமில் இருக்கிறது.

அப்படிப்பட்ட புரோகிராம் ஒன்றின் பக் திருத்தம் அண்மையில் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் தேவைப்படும் சாஃப்ட்வேர் அது. இன்டெல் பிராசஸரின் ஃபேமிலி எண் 6 என்றால் மட்டும் அனுமதி என்றிருந்ததை, '6 அல்லது அதற்கு மேல்' என்று மாற்றியிருந்தார்கள். ஒரே ஒரு குறிதான் மாறியிருந்தது. ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை.

காரணம் இதுதான். 1995ல் வந்த பென்டியம் புரோவின் ஃபேமிலி எண் 6. 2000ல் வந்த பென்டியம் 4க்கு 15. 2006ல் வந்த கோர் 2 டுயோவுக்கு மறுபடியும் 6! எண் பெரிதானால் பிராசஸர் புதிது என்று அர்த்தமில்லை. எஸ்எஸ்இ 4.2 இன்டெலில் வந்ததே 2008ல்தான். இந்தத் திருத்தத்தின்படி பென்டியம் 4 கூட உள்ளே வந்துவிடும். பிறகு சாஃப்ட்வேர் பாதியில் நின்றுவிடும்.

பிராசஸரையே கேட்டுவிடலாமே! சிபியுஐடி என்ற கட்டளை அதற்காகவே உள்ளது. 'இந்த வசதி உனக்கு உண்டா?' என்றால் உண்டு, இல்லை என்று பதில் தரும். எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்ற கவலை வேண்டாம்.

இன்னொன்று, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிசி ஹெல்த் செக், விண்டோஸ் 11 ஓடாது என்று மட்டும் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. கண்டனம் எழவே அதைத் திரும்பப் பெற்று, காரணம் காட்டும்படி மாற்றி மீண்டும் வெளியிட்டார்கள்.

2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபின் இந்தக் கேள்வி வீடுகளுக்கே வந்துவிட்டது. எங்கள் உப்பளத்தில் அண்ணன் படித்த கம்ப்யூட்டரில்தான் தங்கையும் படிக்கிறாள். தவறாக வரும் ஒரு 'பொருந்தாது', அந்த வீட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு. எனவே திருத்தம் சிறிது என்று ரிவ்யூவைச் சுருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

நீங்களும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் சிபியு-இசட் சாஃப்ட்வேரில் 'இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். கேட்கும் வசதி அங்கே இருந்தும் மறுத்தால், சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்!