விலை குறைந்த வழி

புதுவை முத்தியால்பேட்டை நெசவாளர் வாழ்ந்த பழைய பேட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுவைப் பகுதியில் நெய்து நீலம் தோய்த்த துணியொன்று கப்பலேறிற்று. ‘கினி’ என்பது அதன் பெயர். ஆப்பிரிக்கக் கரையொன்றின் பெயரே அதற்கு வாய்த்தது. அங்கே அத்துணியைக் கொடுத்து மனிதரை அடிமைகளாக வாங்கினர். நூற்றவளும் நெய்தவனும் இதனை அறிந்திருத்தல் அரிது; வாங்கி விற்ற வணிகரோ நன்கு அறிவர்.

இன்று நம் நாட்டில் அடிமைச் சந்தை இல்லை, முன்பணம் உண்டு. செங்கற்சூளையில் வாங்கிய சிறு கடன் அடைபடாமல் ஒரு குடும்பத்தையே கட்டிப்போடும். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆயினும் அதிலிருந்து மீட்கப்படுவோர் இன்றும் உளர்.

கணக்குத் தணிக்கை செய்யும் நிறுவனம் செங்கல் சுடுவதில்லை. ‘எமக்கென்ன?’ என்று அது வினவலாம். அதன் மாளிகை எச்சூளைக் கல்லால் எழுந்தது? கூடம் பெருக்கும் பெண்ணுக்கு ஒப்பந்தக்காரர் முழுக்கூலி தந்தாரா? பொருள் வழங்குவோரையும் பெருநிறுவனங்கள் கண்காணிக்க வேண்டும் என்று பிரான்சு 2017-இல் சட்டம் இயற்றியது. நல்ல சட்டமே. எனினும், உறுதிமொழித் தாளில் கையொப்பம் பெறுவதோடு நின்றால் பயன் என்ன? விலை குறைவு கண்டு மகிழுமுன், அது எவர் கூலியில் குறைந்தது என்பதைச் சூளைக்கே சென்று கேட்டறிதல் வேண்டும். கேட்கும்போது மேலாள் அருகில் நில்லாதிருத்தல் நன்று.