ஒழுகுவது எங்கே? ஓட்டை எங்கே?

மழைக்காலம் வந்துவிட்டால் பழைய கார் வைத்திருப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. கதவைத் திறந்தால் ஒரே ஊறல் வாடை. மிதியடியைத் தூக்கினால் அடியில் குளம். பட்டறைக்குக் கொண்டுபோனால் "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி, ஒரு டியூப் சிலிக்கானை முன் கண்ணாடியைச் சுற்றிப் பிதுக்கிப் பூசி அனுப்பிவிடுவார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன லீவில் ஒரு ஷெட்டுக்கு வேலைக்குப் போனபோது நானும் அப்படித்தான் பூசினேன்.

அது ஒரு மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ரப்பரை மாற்றாத 800 என்றால் அந்த ரப்பருக்கு இன்று பத்து வயசுக்கு மேல். அதனால் கண்ணாடி ரப்பர் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு இல்லையா? இரண்டு தடவை பூசியும் அந்த டிரைவர் அண்ணன் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். "தம்பி, ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்துற வண்டிப்பா. பையெல்லாம் நனையுது" என்றார். அன்றைக்குத்தான் தரைவிரிப்பை முழுசாகத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த பஞ்சு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. தகட்டை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். முனை உள்ளே போய்விட்டது!

எங்கள் அப்பா ஓட்டு வீடுகளுக்கு ஓடு மாற்றுகிறவர். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் ஓடு நல்லாத்தான் இருக்கும். தண்ணீர் உச்சியில் எங்கேயோ இறங்கி ரீப்பர் கட்டையோடு ஓடிவந்து இங்கே சொட்டும் என்பார். காரிலும் அதே கதைதான். வயரைப் பிடித்துக்கொண்டு, தகட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எங்கெங்கோ பயணம் போகும்.

முதலில் அது என்ன தண்ணீர் என்று கேட்க வேண்டும். மழையே இல்லாத நாளில் ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு இடது பக்கம் நனைந்தால், ஏ.சி. தண்ணீரை வெளியே விடும் குழாய் அடைத்திருக்கலாம். கையில் பிசுபிசுத்து, இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டரிலிருந்து வரும் கூலன்ட். இரண்டும் இல்லையென்றால் மழைத் தண்ணீர்.

அப்புறம் உள்ளே எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, பேப்பர் விரித்தோம். நான் டார்ச்சோடு உள்ளே, அண்ணன் ஹோஸோடு வெளியே. கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனையும், ஒன்றும் புரியாது. கதவடி, ஒன்றுமில்லை. வைப்பருக்குக் கீழே உள்ள கிரில்லில் ஊற்றினார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தாரையாக இறங்கியது. வண்டியை நிறுத்துவது வேப்பமரத்தடியில். சருகு விழுந்து வடிகால் அடைத்து, தேங்கிய தண்ணீர் காற்று போகிற வாயில் வழியாக உள்ளே வழிந்திருக்கிறது. பிறகு கண்ணாடி மேலும் ஊற்றினோம். ஒரு சொட்டுகூட வரவில்லை.

இன்னொரு கொடுமையும் சொல்லியாக வேண்டும். சிலர் கதவின் அடியில் உள்ள துளைகளையும் பூசி அடைத்துவிடுகிறார்கள். கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறே இல்லை. ஏறி இறங்கும் கண்ணாடியோடு அது போகத்தான் செய்யும். அந்தத் துளை வழியாக வெளியேற வேண்டும். அடைத்தால் கதவே தொட்டியாகி உள்ளிருந்து துருப்பிடிக்கும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்தால்தான் தண்ணீர் நம் காலுக்கு வரும்.

என் கருத்து இதுதான்: பூசுகிறவனுக்குக் கூலி உண்டு, தேடுகிறவனுக்குக் கிடையாது என்கிற வழக்கம் இருக்கிறவரை கார்கள் ஒழுகத்தான் செய்யும். டாக்டர் ஊசி போடாவிட்டாலும் பீஸ் வாங்குகிறார், நாம் கொடுக்கிறோம். ஒன்றரை மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினால் மட்டும் "சும்மா உட்கார்ந்திருக்கான்" என்கிறோம். நம் லேபிலும் வெட்டு மாடல் என்ஜின் உண்டு, வால்வு டைமிங் படம் உண்டு. ஒரு பழைய கார்க் கதவு இல்லை. யூனியன் அண்ணன்மார் இதை மட்டுமாவது கேட்டு வாங்கித் தரலாம்.

சருகை அள்ளி, கம்பி விட்டு வடிகாலைக் குத்திவிட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தகட்டுக்கு ஒட்டுப் போடத்தான் மறுநாள் வரை ஆனது. அந்தச் செலவு தனி. சருகு எடுத்ததற்கு எவ்வளவு கேட்பது என்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. "இலை பொறுக்கினதுக்கெல்லாம் காசு கேட்டா சிரிப்பாங்கடா" என்றார். அண்ணன் தானாக 200 ரூபாய் கொடுத்தார். மேஸ்திரி பில் புத்தகத்தை எடுத்து, 'சிலிக்கான் டியூப் - 1' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.