வள்ளி திருமணத்துக்கு ஒரு விசா

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் கைச்செலவுக்கு வேலை பார்க்கலாம். வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். ஓட்டலில் தட்டு கழுவலாம். கடையில் அட்டைப்பெட்டி அடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டு மேடையேறி ஆடிப் பாடி நடிக்க மட்டும் கூடாது. விசா சட்டத்திலேயே இருக்கிறது சார்! நாடகம் படிக்கப் போகிறவனுக்கும் இதே சட்டம்தான். படிப்பின் ஒரு பகுதியாக நடித்தால், போனால் போகிறது என்று விட்டுவிடுவார்களாம்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் அக்கா பையன் உபயம். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடும்போது (திண்டுக்கல்லில் முக்கியமான சமாசாரங்கள் பிரியாணி முன்னால்தான் பேசப்படும்) அறிவித்தான்: "அப்பா, நான் இங்கிலாந்து போயி தியேட்டர் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் படிக்கப் போறேன்."

அக்கா வீட்டுக்காரர் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கெழுதுகிறவர். கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தார். "தியேட்டரா? இருக்கிற தியேட்டரையே இடிச்சுக் கல்யாண மண்டபமா கட்டிக்கிட்டு இருக்கானுக..."

"சினிமா தியேட்டர் இல்லப்பா. நாடகம்."

இதற்கு சினிமா தியேட்டரே தேவலை என்பதுபோல் ஆகிவிட்டது அவர் முகம்.

ஒரு வருஷப் படிப்பு. ஃபீஸ் மட்டும் இருபது லட்சத்தைத் தொடுகிறது. அது போக, ஒன்பது மாதம் அங்கே தின்று தங்குவதற்கான பணத்தையும் காட்ட வேண்டும். சொந்தப் பணம் என்றால் அது பேங்க்கில் 28 நாள் சேர்ந்தாற்போல் அசையாமல் தூங்கியிருக்க வேண்டும். (என் அக்கவுண்ட்டில் எந்தப் பணமும் 28 மணி நேரம் தூங்கியதாகச் சரித்திரம் இல்லை.) கடன் கேட்கப் போன இடத்தில் ஆபீசர், "ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் கோர்ஸ்தானே? நல்ல டிமாண்ட்!" என்று பூரித்தாராம். பாரத்தைப் படித்த பிறகு அவர் முகமும் எங்க மாமா முகம் மாதிரி ஆகிவிட்டது. அன்று முதல் தெருவில் யார் கேட்டாலும் மாமா ஒரே பதில்தான் சொல்கிறார்: "பையன் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்க லண்டன் போறான்." அவன் போகிற ஊர் லண்டனும் இல்லை.

பையனுக்கு வேறொரு கவலை. கம்ப்யூட்டரில் இன்டர்வியூ நடந்தது. ஷேக்ஸ்பியர், பிரெக்ட் என்று பொளந்து கட்டியிருக்கிறான். கடைசியில் அந்தப் பேராசிரியை அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டாராம். "உங்கள் ஊர் ஜனங்கள் என்ன நாடகம் பார்க்கிறார்கள்?" பயல் முழித்திருக்கிறான். சீட் கிடைத்துவிட்டது. ஆனாலும் கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து, "மாமா, நம்ம ஊர்ல என்ன நாடகம் மாமா நடக்குது?" என்கிறான்.

எனக்கு வந்ததே கோபம்! மதுரை ரோட்டில் இந்தா இருக்கிறது காந்திகிராமம். டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1977-ல் அங்கே ஒரு பட்டறை நடத்தியது. இன்றைய நவீனத் தமிழ் நாடகத்தின் கதையை யார் எழுதினாலும் அந்தப் பட்டறையைத் தொடாமல் எழுத முடியாது. டெல்லியில் படித்துவிட்டு வந்து காந்திகிராமத்தில் பாடம் சொன்ன சே. இராமானுஜம், பிறகு தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு தலைமுறைக்கே நாடகம் சொல்லிக்கொடுத்தார். பையன் அந்த வழியாக நூறு தடவை பஸ்ஸில் போயிருக்கிறான், சின்னாளபட்டியில் அவங்கம்மாவுக்குச் சுங்குடிச் சேலை வாங்க!

"அதை விடு மாப்ளே. நீ இப்பத்தான் கிளம்புற. உனக்கு முப்பது வருஷம் முன்னாடியே ஒரு அம்மா எதிர்த் திசையில வந்து, நம்ம பக்கத்து நாடகத்தைப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க" என்றேன்.

சூசன் சீஸர். சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. 1990-களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி, தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் பின்னாலேயே ராத்திரி ராத்திரியாக அலைந்தவர். அந்த அலைச்சல் 2005-ல் தடிமனான புத்தகமாக வந்தது. இவராவது படித்துவிட்டுத் திரும்பிப் போனார். ஹாலந்திலிருந்து கட்டைக்கூத்து ஆராய வந்த ஹன்னே டி ப்ரூயின், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலையே கல்யாணம் பண்ணிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கம் தங்கிவிட்டார். இருவரும் சேர்ந்து நடத்திய குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் படித்தார்கள்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் ஏதோ ஸ்பெஷல் தோசை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி கிடையாது. டைரக்டர் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அதாவது ஸ்பெஷலாக, அட்வான்ஸ் கொடுத்து அழைப்பார்கள். ஒத்திகை என்கிற பேச்சே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் சந்திக்கிறார்கள். விடியற்காலை வரை ஆடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடுகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தபோது அவர் பெயரைத்தான் வைத்தார்கள். இந்திரா பார்த்தசாரதி அதற்குத் தலைவராக இருந்தார். ஆக, சுவாமிகள் பல்கலைக்கழகத்துக்குள் போய்விட்டார். அவர் நாடகத்தை ஆடுகிறவர்கள் இன்னும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள்.

அடுத்த வாரமே பையனை பைக்கில் ஏற்றிக்கொண்டு நத்தம் ரோட்டில், சாணார்பட்டி தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனேன். மாரியம்மன் கோயில் திருவிழா. 'வள்ளி திருமணம்'. கோயிலைப் பார்த்தபடி மேடை. முதல் வரிசை ஆத்தாளுக்கு, அப்புறம்தான் நமக்கு.

வள்ளி உடனே வந்துவிட மாட்டாள். முதலில் பபூன். ஆர்மோனியம், மிருதங்கம், அப்புறம் ஆல்ரவுண்ட் என்று ஒருவர். சத்தம் தேவைப்படுகிற இடத்திலெல்லாம் எதையாவது தட்டுகிறார். ஒரு மாதிரியான ஜோக் வருகிறபோது பபூன் சபையைப் பார்த்துச் சொல்வதில்லை. மிருதங்கக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்..." என்று, மைக்கில் ரகசியம் பேசுகிறார். பெண்கள் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு குலுங்குகிறது. சொன்னது அவர்களிடம் இல்லையே, காதில் விழுந்ததுக்கு அவர்கள் என்ன பண்ணுவார்கள்! இந்தச் சாமர்த்தியத்தைப் பற்றியே சூசன் அம்மாள் 1997-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

நள்ளிரவுக்கு மேல் வள்ளி. நாரதரோடு தர்க்கம். ரெண்டு பேரும் அன்று சாயங்காலம்தான் முதல் முறையாகச் சந்தித்தவர்களாம். ஒருவர் வார்த்தையைப் போட, மற்றவர் தரையில் விழவிடாமல் பிடித்துத் திருப்பி அடிக்கிறார். பையன் செல்போனை பாக்கெட்டில் வைத்துவிட்டான். எனக்குத் தெரிந்து அவன் அதை மூன்று மணி நேரம் தொடாமல் இருந்தது அன்றுதான்.

வள்ளியாக நடித்த பெண்ணிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மேடைக்குப் பின்னால் போகப் பார்த்தான். பபூன் வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தவர் கையை நீட்டி மறித்தார். "தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க. என்ன கேக்கணுமோ எங்கிட்டக் கேளுங்க." கோபமாக இல்லை, பழக்கமாகச் சொன்னார். அந்தப் பெண் வந்த கார் மேடைக்குப் பின்புறம் ஒட்டி நிறுத்தியிருந்தது. அதிலிருந்து இறங்கி நேரே திரைக்குள் போனவர், வேஷத்தோடுதான் வெளியே வந்தார். நோட்டீசில் போட்டோ, மேடையில் ஆயிரம் கண். மேடைக்கு வரும் வழியில் மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் ஊர் ஒரு பேர் வைக்கும். நடிகைகள் படுகிற இந்த வழிப்பாட்டைப் பற்றியும் அந்த அம்மாள் 2000-ல் எழுதிவிட்டார்.

விடிந்ததும் ரோட்டோர டீக்கடையில் பபூன்காரர் எங்களோடு நின்றார். ஐம்பது வயசிருக்கும். காதோரம் கொஞ்சம் அரிதாரம் மிச்சம். பையன் இங்கிலாந்து விஷயத்தைச் சொன்னான். 

"அங்க ஒத்திகை உண்டா தம்பி?"

"ஒரு நாடகத்துக்கு நாலஞ்சு வாரம் பண்ணுவாங்கண்ணே."

"ஏன், பார்ட்டு மறந்துருமா அவங்களுக்கு?" நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். நான் டீயைத் துப்பாமல் சமாளித்தேன்.

அவர் மகள் நர்சிங் படிக்கிறதாம். "காலேஜ் பாரத்துல அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்குல்ல சார். விவசாயம்னு போட்டுவிட்டேன். ஒரு சென்ட் நெலம் கிடையாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாப்பாங்கல்ல..." என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையன் பக்கம் திரும்பினார்.

"அங்க குடுக்குற சர்டிபிகேட்ல என்னான்னு தம்பி போட்டிருக்கும்?"

"தியேட்டர் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்னு."

"தமிழ்ல?"

"நாடகம்தாண்ணே."

"நாடகம்னேவா போட்டிருப்பான்?"

"ஆமாண்ணே."

கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "வீட்டுல அப்பா என்ன சொன்னாரு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் டீக்கடைக்காரரிடம் சில்லறை கேட்க ஆரம்பித்தேன். அதற்குள் நத்தம் பஸ் வந்துவிட்டது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ராத்திரி சிங்கம்புணரிப் பக்கம் நாடகமாம். அதே வள்ளி திருமணம், வேற வள்ளி.