கூரைமேல் வரும்படி

மோட்டார் வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி முதலிய சகல சம்பத்துக்களையும் அமைத்துக்கொண்டு ஊர்சுற்றும் வழக்கத்திற்குப் பேர்போன தேசம் ஆஸ்திரேலியா. அங்கே தென்கரையை அடுத்து நல்லர்பார் என்னும் சமவெளி இருக்கிறது. லத்தீன் மொழியில் "மரமில்லாதது" என்று பொருள். அவ்வழியே செல்லும் ஐர் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. பல இடங்களில் கைபேசித் தொடர்பும் இராது. அத்தகைய வெளியில் இரவு தங்கும் குடும்பத்துக்கு வண்டியிலுள்ள பாட்டரிதான் பொக்கிஷம். குளிர்ப்பெட்டியில் இருப்பது வெறும் வெண்ணெயானால் உருகிவிட்டுப் போகட்டும். நீரிழிவுக்காரரின் இன்சுலினானால் விஷயம் விளையாட்டல்ல.

பொக்கிஷத்தின் அளவை முதலில் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,200 வாட்-மணி மின்சாரம் அடங்கும். ஈயப் பாட்டரியானால் பாதிக்குமேல் எடுக்க எடுக்க அதன் ஆயுள் குன்றும். ஆகவே கைக்கு வருவது 600தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஏறக்குறைய 1,000 எடுக்கலாம்.

இனிச் செலவு. குளிர்ப்பெட்டி நாளொன்றுக்குச் சுமார் 400 வாட்-மணி சாப்பிடும். விளக்கு, விசிறி, கைபேசி எல்லாவற்றுக்குமாக 200. ஈயப் பாட்டரி ஒரே நாளில் காலி! சர்க்கார் வரவு செலவில் துண்டு விழுந்தால் நோட்டு அச்சடிக்கலாம். இங்கே அந்த உபாயமும் இல்லை.

இந்த நிலையில் 1,200 வாட் மின்சாரக் கெட்டிலைப் பத்து நிமிஷம் போட்டால் 200 வாட்-மணி போயிற்று. காபிக்கு காஸ் அடுப்பே உத்தமம். வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வர்ட்டரோ, சும்மா இருக்கும்போதே பத்து வாட் தின்னக்கூடும். ஒரு நாளில் அது 240. வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

வரவு கூரைமேல் இருக்கிறது. 200 வாட் சூரியத் தகடு தெளிந்த கோடை நாளில் ஏறக்குறைய 800 வாட்-மணி ஈட்டும். குளிர்காலத்தில் வெகுவாகக் குறையும். தென்கோளத்தில் சூரியன் வடபக்கம் செல்வதால் தகட்டை வடக்கே சாய்க்க வேண்டும். புழுதியைத் துடைக்க வேண்டும். தகட்டில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் நஷ்டம் அந்த மூலையோடு நிற்பதில்லை. கைபேசிக்கு மின்னேற்றுவதையும், புதுச் சாமான்களைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதையும் நடுப்பகலில் செய்தால், வரவிலிருந்தே செலவு நடக்கும். இரவுக்கு முதல் மிஞ்சும்.

மேகம் மூடினால் வண்டியோட்டந்தான் கதி. எஞ்சினிலிருந்து 25 ஆம்பியர் தரும் மின்னேற்றி இருந்தால், இரண்டு மணி நேரத்தில் பாதிப் பாட்டரி நிரம்பும். ஆனால் எஞ்சினைக் கிளப்பும் பாட்டரி தனியாக இருக்கவேண்டும்; விளக்குக்கும் விசிறிக்கும் அதில் கைவைக்கலாகாது. அதுவும் தீர்ந்தால் வண்டி நகராது. வேறொரு பிரயாணி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

லித்தியம் பாட்டரியின் வோல்ட் அளவு கடைசிவரை அதிகம் மாறாது. அதை நம்பி இருப்பை மதிப்பிடலாகாது. வரவையும் செலவையும் எண்ணிக்காட்டும் மானி ஒன்று அவசியம். படுக்குமுன் அதைப் பார்த்து, இருப்புக் குறைந்திருந்தால் விசிறியை முதலில் நிறுத்துவதும், குளிர்ப்பெட்டியைக் கடைசிவரை காப்பதுமே விவேகம் என்பது நம் அபிப்பிராயம்.