வெள்ளைக்கல்லும் வீழ்படிவும்

தமிழாசிரியனுக்கு வேதியியல் ஆய்வறையில் என்ன வேலை என்பீர்கள். என் வகுப்பறைக்கு அடுத்த அறை அது. அங்கெழும் ஒலி ஆண்டுக்கணக்காய் என் செவியில் விழுந்து வருகிறது. 'ஒயிட் பிரெசிபிடேட்' என்று பிள்ளைகள் நெட்டுருப் போடுவர். ஒருநாள் ஒருவனை அழைத்து, அதன் பொருள் யாது என்றேன். “விடைத்தாளில் எழுதுவது ஐயா” என்றான். தமிழ்வழி நூலில் 'வீழ்படிவு' என்று அச்சிட்டிருக்கிறது. கரைசலினின்று வீழ்ந்து அடியிற் படிவது வீழ்படிவு. சொல்லே பொருளைக் காட்டிவிடுகிறது. ஆயினும் அச்சொல் நூலோடு நின்றுவிட்டது. ஆய்வறை வாயிலைத் தாண்டவில்லை.

இந்நிலை சேலத்தில் இருப்பதுதான் கொடுமை. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே 1916இல், அறிவியற் சொற்களைத் தமிழிற் கொணர்தற்கென இவ்வூரில் ஒரு கழகம் தோன்றிற்று. இராசாசியும் வேங்கடசுப்பையரும் அதனை நடத்தினர். பின்னாளில் இராசாசி எழுதிய நூலின் பெயர் 'திண்ணை இரசாயனம்'. அப்பெயரிலுள்ள வடசொல் நமக்கு உடன்பாடன்று. ஆனால், திண்ணையில் அமர்ந்து தமிழிற் பேசத்தக்கது வேதியியல் என்னும் துணிவு அவர்க்கிருந்தது. நமக்கு எங்கே போயிற்று?

ஏற்காட்டு மலையடியில், மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் தோன்றும் வெண்கரடுகளுக்கு ஆங்கிலேயர் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்னும் பொருளிற் பெயரிட்டனர். அது பிழைப்பெயர். ஊரார் வெள்ளைக்கல் என்றனர். நிறத்தைச் சொன்னாரேயன்றிப் பொய் சொன்னாரல்லர். பிழையை மெய்ப்பிக்க உப்பாய்வே போதும். சுண்ணாம்புக்கல்லின்மேல் நீர்த்த காடியை விட்டால் உடனே பொங்கும். (அமிலத்தைக் காடி என்றே எழுதுவேன், ஆசிரியர் பொறுத்தருள்க.) வெள்ளைக்கல்லோ குளிர்ந்த காடியில் ஏறத்தாழ வாளாவிருக்கும், பொடித்துச் சூடேற்றினாற்றான் நன்கு பொங்கும். இரண்டினின்றும் எழும் கரிவளி சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கும். காடியிற் கரைந்த கரைசலில் நவச்சாரமும் அம்மோனியா நீரும் சேர்த்து, அம்மோனியம் கார்பனேட்டு இடுக. சுண்ணமாயின் வெண்மையாய் வீழ்படியும். மக்னீசியம் எனப்படும் வெளிமமாயின் கரைசலிலேயே தங்கும். பின்னர்ச் சோடியம் பாசுபேட்டு இட்டுக் குழாயின் உட்சுவரைக் கண்ணாடிக் கோலால் உராய்ந்தால், வெண்பளிங்காய் மெல்ல இறங்கும். இறங்குவதைக் கண்ணாற் கண்ட பிள்ளை அதன் பெயரை மறப்பானா?

அதே கல்லின் பொடியை வெதுவெதுப்பான நீர்த்த கந்தகக் காடியிற் பொங்குதல் ஓயும்வரை இட்டு, வடித்துச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்தால் ஊசி ஊசியாய் உப்பு விளையும். மருந்துக்கடையிற் பேதியுப்பு என்பர். கழிச்சலுப்பு என்றால் கடைக்காரர்க்கு விளங்காமற் போகாது. மதிப்பெண்ணுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளிற் பயின்ற சிலரை வினவினேன். அட்டவணை முழுதும் ஒப்பித்தனர். வெள்ளைக்கல்லைக் கையிலெடுத்தார் ஒருவருமிலர்.

'அயனி'யையும் தமிழாக்குவீரோ என்று நகைப்பார் உளர். பாரடே 1834இல் அதற்குக் கிரேக்கத்திலிருந்து 'செல்வது' என்னும் பொருட்சொல்லை எடுத்தார். தம் ஆய்வுக்குச் சொல் வேண்டியபோது கேம்பிரிட்சு அறிஞர் ஊவெலுக்கு மடல் எழுதிக் கேட்டார். அத்துணைப் பேரறிஞர்க்கே சொல்லறிந்தாரை நாடுதல் இழிவாகத் தோன்றவில்லை. எங்கள் ஆய்வறையாசிரியரோ இத்தனை ஆண்டில் ஒருநாளும் என் அறைக்கு வந்ததில்லை. நானும் அங்குச் சென்றதில்லை, அக்குற்றம் என்னுடையது. அடுத்த கிழமை ஒரு கூடை வெள்ளைக்கல்லோடு நானே போகிறேன்.